எண் ஆடுகிறதா

மார்ச் 2

அண்ணாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மா உனக்குப் போன் செய்து செய்து ஓய்ந்துவிட்டாள். மலை மேல் மின்கோபுரம் நடுகிற உங்கள் கேம்பில் சிக்னலே கிடையாது, வாரத்துக்கு ஒரு முறை சாமான் வண்டியில் தபால் வரும் என்று உன்னோடு வேலை செய்கிறவரின் மனைவி சொன்னாள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. போனில் எனக்கு வார்த்தை வராது. பேப்பரில் வரும்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும், பழக் குடோனில் நீ விட்டுப்போன நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் உனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. வேலை விஷயமாக ஒன்று கேட்கவே எழுதுகிறேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காலையில் போட்டதும் ஓர் அறிவிப்பு வருகிறது. இந்தப் பழைய சிஸ்டத்தை இனி யாரும் கவனிக்க மாட்டார்கள், புதியதற்கு மாறுங்கள் என்று. மூடினால் மறுநாள் திரும்ப வந்து நிற்கிறது. சிஸ்டக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது செத்துப்போன சிஸ்டம் சார். வாசக்கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குற மாதிரி" என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி பயந்துவிட்டார். மேஸ்திரிக்கு இஷ்டமில்லை. "ஓடுற மாட்டுக்கு எதுக்குக் கால மாத்தணும்?" என்கிறார்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் சிலேட்டில் எழுதுகிறவள் நான். நான் சேர்ந்த அன்று மேஸ்திரி அந்தச் சிலேட்டைக் கையில் கொடுத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அறையை அடைத்து நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை இரண்டு சதவீதத்துக்கு இறக்கினால் ஆப்பிள் எட்டு மாதம் அப்படியே தூங்கும். "மனுஷன் ரெண்டே மூச்சுல தூங்கிடுவான். வாசனை வராது, நெடி வராது. இருமக்கூட நேரமிருக்காது." அதனால் அறையைத் திறந்து ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டு, திரையில் வெளிக்காற்றின் அளவான 20.9 வந்த பிறகு, அறை எண்ணையும் அந்த எண்ணையும் நான் சிலேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அது கதவுக் கொக்கியில் தொங்கினால்தான் அம்மாவும் மற்றப் பெண்களும் பழம் பிரிக்க உள்ளே போவார்கள். சிலேட்டு இல்லாத கதவுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. கையில் பிடித்துப் பார்க்கும் மீட்டர் உன் காலத்திலேயே கெட்டுப்போனது. இன்னும் வாங்கவில்லை.

திரையில் அந்த எண்களைக் காட்டுவது நீ எழுதிய புரோகிராம். புதிய சிஸ்டத்தில் அது ஓடுமா? மாற்றுவது நல்லதா, கெட்டதா? இரண்டு வரி எழுதினால் போதும்.

தங்கை

ஆபீஸ் போன் அடித்தால் இன்னும் நான் எடுப்பதில்லை. மேஸ்திரிதான் ஓடி வருகிறார். சிரிக்காதே.

மார்ச் 6

வாயாடிக்கு,

வாயே திறக்காத பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தவன் நான். வேறு பெயரில் எழுத வரவில்லை.

நீ கேட்ட இரண்டு வரி: மாற்ற வேண்டாம். ஓடுவதைத் தொடாதே.

சிஸ்டக்காரர்களுக்குப் புதிது என்றால் எல்லாம் நல்லது. அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டே இல்லை. எந்தத் திருடன் எந்த வாசல் வழியாக வரப் போகிறான்? ஒரே வேலை, நான்கு அறைகளின் எண்ணைக் காட்டுவது. அதைப் பழையது செய்கிறது. நான் செய்தபடியே காலையில் போடு, சாயங்காலம் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போ. காரணம் கேட்டு அடுத்த கடிதம் எழுதாதே.

அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. அந்த நாற்காலியை விட்டு எழுந்துபோய் உன் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார். சிலேட்டில் எழுதுவதுதான் பிடிக்கும் என்றால் அங்கேயும் எழுதலாம்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணாவுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. அதைக் கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "போனவன் போயிட்டான். போன பிறகும் எம் மிஷின் அவன் சொன்னபடிதான் ஓடணுமா?" என்றார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்கும் உன் மேல் கோபம் இருந்தது. காரணம் கேட்காதே என்று எழுதுகிறாய். நீ எழுதியதை இன்னொருவர் தொட்டுவிடக் கூடாது என்கிற பொறாமையோ என்று நினைத்தேன். படிப்பை விட்டவளுக்குச் சொன்னால் புரியாது என்று நினைத்தாயோ என்றும் தோன்றியது. அதுதான் அதிகமாகக் குத்தியது.

பன்னிரண்டாம் தேதி மாற்றிவிட்டார்கள். சிஸ்டக்காரர் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்கு அறைகளின் எண்ணும் வந்தன. அடைத்திருந்த மூன்று அறைகளில் இரண்டு சொச்சம். மூன்றாம் அறை அன்று திறந்திருந்தது, பெண்கள் உள்ளே பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் 20.9. "பாத்தீங்களா, பழைய புரோகிராம் புது வீட்ல குடியேறிடுச்சு. இந்தப் புரோகிராம் யாரு எழுதினது? சுத்தமா எழுதியிருக்காரே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ பயப்பட்டது போல ஒன்றும் ஆகவில்லை. அந்த அறிவிப்பு தொலைந்தது. எழுத்துகள் பெரிதாகத் தெரிகின்றன. பழையதைக் காலையில் போட்டால் அது முழிப்பதற்குள் நான் ஆபீஸைப் பெருக்கி முடித்துவிடுவேன். இதை அணைக்கவே வேண்டியதில்லை. சாயங்காலம் தூங்க வைத்துவிட்டுப் போகிறோம். காலையில் ஒரு விசையைத் தொட்டால் கண் விழிக்கிறது.

அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பச் சொன்னாள். தனியாக அனுப்புகிறேன்.

தங்கை

மார்ச் 20

வாயாடிக்கு,

சாமான் வண்டி இறக்கி முடிப்பதற்குள் எழுதுகிறேன். இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்தாயிற்று.

பொறாமை இல்லை. உனக்குப் புரியாது என்றும் நினைக்கவில்லை. உனக்கு எவ்வளவு புரியும் என்று எனக்குத்தான் தெரியும். அதுதான் தொந்தரவே.

தூங்க வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. வாயுவை அளக்கிற பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிற சாம்பல் நிறக் கேபிள், அதே பழைய கேபிள்தானா? சிஸ்டக்காரர் போகும் முன் அதைக் கழற்றி மாட்டிப் பார்த்தாரா? ஒரு வேலை செய். திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் எண்களையே பார். வேறெதுவும் செய்யாதே. எண் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. சொல்ல வேண்டியது வேறு. இன்னொரு நாள் எழுதுகிறேன். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணாவுக்கு,

நீ சொன்னபடி பார்த்தேன். ஐந்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம். கேபிள் பழையதுதான். கழற்றிப் பார்த்த மாதிரி எனக்கு நினைவில்லை.

எண்கள் மிக நன்றாக இருக்கின்றன. பழைய சிஸ்டத்தில் கடைசி எண் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். 20.9 என்றிருக்கும், 20.8 ஆகும், திரும்ப 20.9 ஆகும். சிலேட்டில் எதை எழுதுவது என்று சாக்பீஸை வைத்துக்கொண்டு முழிப்பேன். புதியதில் ஆட்டமே இல்லை. கல்லில் வெட்டியது போல நிற்கிறது. "புது சிஸ்டம்னா சும்மாவா" என்று முதலாளி வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

ஒன்றுதான் சரியில்லை. அது சிஸ்டத்தின் குற்றம் இல்லை. மூன்றாம் அறையில் பாதிச் சரக்கு போய், மீதியை இருபத்து மூன்றாம் தேதி திரும்ப அடைத்து நைட்ரஜன் விட்டார்கள். ஆறு நாளாக மிஷின் ஓடுகிறது. எண் இறங்கவே இல்லை. அதே 20.9. எங்கேயோ கதவின் ரப்பர் பட்டை விட்டுப்போய் வெளிக்காற்று உள்ளே போகிறது என்கிறார் முதலாளி. வெளியிலிருந்து தடவிப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. நான்காம் தேதி காலை பத்து மணிக்கு உள்ளேயிருந்து பார்க்கப் போகிறார்கள். கதவை மறுபடி ஒரு நாள் திறந்து போட்டால் குளிர் போய்ப் பழம் கெட்டுவிடும் என்று, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து உடனே சாத்துவார்களாம். திரையில்தான் வெளிக்காற்றின் எண் இருக்கிறதே, பிறகென்ன என்கிறார் முதலாளி.

அம்மாதான் போகிறாள். ரப்பர் ஒட்டுவதில் அம்மா கை சின்னது, சந்துக்குள் போகும். "சாத்திட்டு மறந்துடாதீங்க, நானும் ஆப்பிளோட எட்டு மாசம் தூங்கிடுவேன்" என்று அம்மா சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சிலேட்டு நான் எழுத வேண்டும். திரையில் 20.9 இருப்பதால் எழுதிவிடலாம், இல்லையா? எழுதும்போது ஏனோ உன் நினைவு வரும் என்று தோன்றுகிறது.

அம்மாவின் போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒரு வாரமாக அதுவும் என்னைப் போலப் பேசுவதில்லை.

தங்கை

ஏப்ரல் 3

வாயாடிக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நாளை நான்காம் தேதி. இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தும் எழுதுகிறேன். எழுதாமல் என்னால் உட்கார முடியவில்லை.

அந்த எண் ஆட வேண்டும். உயிரோடு இருக்கிற எண் ஆடும். ஆடாமல் நிற்பது பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கும் முன் வந்த எண். அன்று மூன்றாம் அறை திறந்திருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். தூங்கி எழுந்த சிஸ்டம் பெட்டியோடு பேசவே இல்லை. அதன் பிறகு ஓர் எண்ணும் வரவில்லை. ரப்பரில் குற்றமில்லை. நைட்ரஜன் மிஷினிலும் இல்லை. ஆறு நாள் ஓடியிருந்தால் அந்த அறையில் இப்போது மூச்சு விடக் காற்று இல்லை.

எண் வரவில்லை என்றால் அலாரம் அடிக்க வேண்டுமே என்று கேட்பாய். அடிக்கும்படிதான் முதலில் எழுதினேன். அந்தப் பெட்டி அவ்வப்போது இரண்டு நொடி பேசாமல் போகும். ஒரே நாளில் ஆறு தடவை அலாரம் அடித்து, ஆறு தடவையும் எல்லாரும் வேலையை விட்டு வெளியே ஓடினார்கள். "உன் மிஷினுக்கு என்ன வலிப்பா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். மறுநாள் ஒரு வரி சேர்த்தேன். பதில் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டு. எத்தனை நொடிக்கு என்று அதில் எழுதவில்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். பழைய சிஸ்டத்தில் இரண்டே நொடியில் பெட்டி தானாகவே பேசிவிடும். தினமும் அணைத்துப் போட்டதும் அதைக் காப்பாற்றியது. அலாரம் நின்றது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

பாராட்டிய பிறகு திருத்தக் கூச்சமாக இருந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு தடவை சிலேட்டு எழுதும்போதும் அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் வேலையை விட்டேன். பிறகு அம்மா உன்னை அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். உன் படிப்பைச் சொல்லி நான் வீட்டில் கத்தியதெல்லாம் அதற்காகத்தான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வாயாடி என்று உன்னைக் கேலி செய்தவன் நான்.

வண்டி விடியும் முன் கிளம்புகிறது. அதில் ஏறிக் கீழே வருகிறேன். ஒன்பதரை வாக்கில் சிக்னல் கிடைக்கும். நான் வேலையை விட்ட கோபத்தில் முதலாளி தன் போனில் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறார். அம்மாவின் போன் கெட்டுவிட்டது. மேஸ்திரி போன் வைத்துக்கொள்வதில்லை. ஆபீஸ் போன் ஒன்றுதான் இருக்கிறது. நீ எடுக்க மாட்டாய். எடுக்கும் வரை அடிப்பேன்.

அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முழுவதும் படித்தேன். உன் ஸ்வெட்டரின் அளவு சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அன்று மேஸ்திரி போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ கேம்புக்குத் திரும்பியிருப்பாய். மற்றது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

அன்று சிலேட்டு எழுதியாயிற்று. அறை 3, 20.9, என் கையெழுத்து. மேஸ்திரி அதைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கதவின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா ரப்பர் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஆபீஸ் போன் அடித்தது. கையில் திருகு இருந்ததால் மேஸ்திரியால் வர முடியவில்லை. "நம்ம வாயாடி இந்நேரம் மேசைக்கு அடியில போயிருக்கும்" என்றார். "எடுத்துப் பேசேன்டி, கடிக்காது" என்றாள் அம்மா. அது அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. ஓய்ந்தது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே திருகுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது. அறைக்கு எட்டுத் திருகு. ஐந்தாவது விழுந்தபோது நாலாம் தடவையாக அடிக்க ஆரம்பித்தது. இப்படி யாரும் அடிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. எடுத்தேன்.

எண் ஆடுகிறதா என்றாய். திரும்பிப் பார்த்தேன். ஆடவில்லை என்றேன். சிலேட்டை எடு என்றாய்.

ஓடினேன். போகாதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மேஸ்திரி எட்டாவது திருகில் கை வைத்திருந்தார். கொக்கியிலிருந்து சிலேட்டைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். நாலு துண்டானது. "என்ன கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?" என்று மேஸ்திரி கையை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே இறக்கினார். சிலேட்டு இல்லாத கதவு. அது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைத் தாண்ட அவராலேயே முடியவில்லை.

அதற்குள் எனக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. உங்கள் லைட்டரைக் கொடுங்கள் என்றேன். கதவில் சாம்பிள் எடுக்கிற சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதைத் திறந்து, ஒரு குச்சியில் துணி சுற்றிக் கொளுத்தி மேஸ்திரியே உள்ளே நீட்டினார். தீ குறையவில்லை, நடுங்கவில்லை. யாரோ வாயால் ஊதியது போல அந்த நொடியே இல்லாமல் போயிற்று. அவர் குச்சியை வெளியே எடுத்தார், மறுபடி கொளுத்தி நீட்டினார். மறுபடியும் அதே. அம்மா தோளிலிருந்த பட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மாற்றியது தப்பு என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். மேஸ்திரி பழைய சிஸ்டத்தையே திரும்பப் போடச் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை அண்ணா. பழையது நம்மைக் காப்பாற்றவில்லை. நீ எழுதிய அந்த வரியை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். புதியது அதைத் திறந்துவிட்டது. நீ வந்து அந்த வரியை எடு. எடுத்த பிறகு எந்த சிஸ்டத்தில் வேண்டுமானாலும் ஓடட்டும். அதுவரை நான் சிலேட்டு எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நானே சொன்னேன், வாயால்.

இப்போது எழுத வேண்டியதற்கு வருகிறேன். நேற்று சிஸ்டக்காரர் வந்தார். உன் புரோகிராம் நன்றாக இருந்ததால், சிஸ்டம் மாற்றிய அன்றே ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போனாராம். அவர் புதிய சிஸ்டம் போட்ட மற்றப் பழக் குடோன்களிலும் அதைப் போட்டுவிட்டாராம். எத்தனை இடம் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணி, ஒன்பது என்றார். "அங்கயும் எண்ணு ஆடாம அழகா நிக்குதும்மா, யாரும் குறை சொல்லலியே" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். "அடுத்தவன் கதவு நமக்கெதுக்கு?" என்றார். சிஸ்டக்காரரிடம் ஒன்பது நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டேன். இன்று காலையிலிருந்து நானே போன் செய்கிறேன். முதல் இடத்தில் மூன்று தடவை வைத்துவிட்டுத் திரும்ப அடித்தேன், என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. எண் ஆடுகிறதா என்று மட்டும் கேட்கிறேன். ஒருவர், ஏன் ஆட வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு வந்து, ஆடவில்லை என்றார். பிறகு ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.

ஏழு இடத்தில் எடுத்துவிட்டார்கள். எட்டாவதும் ஒன்பதாவதும் எடுக்கவில்லை. எட்டாவதில் ஆபீஸ் பூட்டியிருக்கலாம். ஒன்பதாவது இடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரின் நம்பரைச் சிஸ்டக்காரரிடம் வாங்கிப் போனில் கேட்டேன். ஆபீஸ் திறந்துதான் இருக்கிறதாம். ஒரு பெண் உள்ளே உட்கார்ந்திருக்கிறாளாம், போன் அடித்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். போய்ச் சொல்லுங்கள் என்றேன். கடையில் ஆள் இல்லை, அப்புறம் போகிறேன் என்று வைத்துவிட்டார். வைக்கும் முன் ஒன்று சொன்னார். இன்று அங்கே ஓர் அறை திறக்கிறார்களாம், வாசலில் பெண்கள் நிற்கிறார்களாம்.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது. ஓய்ந்தால் திரும்ப அடிக்கிறேன். இது பதினான்காவது தடவை.

வாயாடி